எழுபத்தெட்டுக் கிலோவும் ஒரு ரப்பர் படகும்

மனிதன் எத்தனையோ எதிரிகளை வென்றிருக்கிறான். படைகளை வென்றிருக்கிறான், கடல்களைத் தாண்டியிருக்கிறான். ஆனால் தன் உடம்பைத் தன் சொல்லுக்கு அடங்க வைத்தவர்கள் நூற்றாண்டுக்கு ஒருவர் இருவர்தான். அந்த அரிய வரிசையில் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் விற்பனை மேலாளரும் போய்ச் சேர்ந்தார். இருபதே வாரங்களில் தொண்ணூற்றெட்டுக் கிலோவிலிருந்து எழுபத்தெட்டுக்கு இறங்கினார். இறங்கிய விதம் எளிது. அவர் வீட்டுக் குளியலறையில் இருந்த எடைக் கருவியின் பின்பக்கத்தில், முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்துவதற்கென்று ஒரு சின்னச் சக்கரம் உண்டு. ஒவ்வொரு திங்கட்கிழமையும் பல் தேய்ப்பதற்கு முன்னால் அவர் அதைத் திருப்பினார்.

தொடக்கத்தில் அவருக்கு அப்படியொரு எண்ணமே இல்லை. தொழிற்சாலையின் நிர்வாக இயக்குநர், எல்லோருக்கும் பெரியவர், ஒருநாள் 'ஆரோக்கிய இயக்கம்' என்று ஒன்றைத் தொடங்கினார். பெரியவருக்கே தொண்ணூற்றெட்டுக் கிலோ. முப்பது வருடமாக இளைக்கப் பார்த்துத் தோற்றவர். "என்னால முடியல. முடிஞ்ச ஒருத்தர் கிடைச்சா அவரையே எனக்குத் துணையா வச்சுக்குவேன்" என்று கூட்டத்தில் சொல்லிவிட்டார். துணைப் பொது மேலாளர் நாற்காலி எட்டு மாதமாகக் காலியாகக் கிடந்தது. விற்பனை மேலாளர் அன்றைக்கே ஓட்டப்பயிற்சிக்குக் காலணி வாங்கினார். ஒரு வாரம் ஓடினார், பட்டினி கிடந்தார். திங்கட்கிழமை ஏறி நின்றால் அரைக் கிலோ கூடியிருந்தது. அலுவலகக் குழுவில் படம் போட்டாக வேண்டும். இந்த ஒரு வாரம் மட்டும் என்று சக்கரத்தைத் தொட்டார். அந்த 'ஒரு வாரம் மட்டும்' இருபது தடவை வந்தது.

ஏறி நிற்பார், முள்ளைப் பார்ப்பார், இறங்குவார், திருப்புவார். போன வாரத்தைவிட ஒரு கிலோ குறைகிறவரை திருப்புவார். பிறகு இரண்டு பாதமும் முள்ளும் தெரியப் படம் எடுப்பார். இருநூறு பேர் கட்டைவிரல் காட்டுவார்கள். தொழிற்சாலை வாசலில் அவருடைய 'முன்' படமும் 'பின்' படமும் மாட்டப்பட்டன. 'பின்' படத்தில் வயிற்றுக்கு முன்னால் ஓர் அட்டைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டிருப்பார். நம்ம தயாரிப்பும் தெரியட்டுமே என்று அவர்தான் யோசனை சொன்னார்.

வீட்டில்தான் கொஞ்சம் சிக்கல். குடும்பம் மொத்தமும் அதே கருவியில்தான் ஏறியது. கணவரோடு சேர்ந்து தானும் இளைப்பதைக் கண்ட மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. இனித் தொளதொளவென்று இருக்கும் என்று பதினோரு உடுப்புகளைத் தன் தங்கைக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, சின்ன அளவில் புதிதாகத் தைக்கச் சொன்னாள். அவை எதுவும் பொத்தான் போடும்படி வரவில்லை. மூன்று தையற்காரர்களை மாற்றிவிட்டாள். பதினைந்து வயது மகளோ முள்ளின்படி வாரத்துக்கு ஒரு கிலோ உருகிக்கொண்டிருந்தாள். பயந்துபோன அம்மா ஒரு நாளைக்கு ஐந்து வேளை ஊட்டினாள். டாக்டரிடம் காட்டலாம் என்ற பேச்சு எழுந்தபோதெல்லாம் அப்பா, "வளர்ற வயசு, டாக்டருக்கு என்ன தெரியும்" என்று அடக்கிவிட்டார். மகள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள்.

இயக்கத்தின் நிறைவு விழாவை வெறும் மேடையில் வைக்கப் பெரியவருக்கு மனமில்லை. காட்டாற்றில் ரப்பர் படகுப் பயணம், கரையில் மதியச் சாப்பாடு, சாப்பாட்டில் அறிவிப்பு என்று முடிவாயிற்று. முதல் படகில் பெரியவர், விற்பனை மேலாளர் குடும்பத்தோடு, அப்புறம் கிடங்கு மேலாளர். கிடங்குக்காரருக்கும் அந்த நாற்காலிமேல் கண். ஆனால் அவர் பிறவியிலேயே அறுபத்தேழு கிலோ. இளைப்பதற்கு வழியில்லாமல் பிறந்துவிட்டவர்.

படகுக் கொட்டகையில் தாள்களை வைத்துக்கொண்டு வழிகாட்டி நின்றாள். வெயிலில் கறுத்த, கைகள் கயிறாக முறுக்கேறிய பெண். முன்கூட்டியே அனுப்பிய தாள்களில் அவரவர் எடை இருந்தது. அதை வைத்துத்தான் படகில் இடம்.

"எழுபத்தெட்டா?" என்று மேலாளரை ஒருதடவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்ல சார். பேப்பர்ல எழுபத்தெட்டுன்னா எனக்கும் எழுபத்தெட்டுதான். போன வருஷம் ஒரு அம்மாவைக் கண்ணால பார்த்து எண்பதுன்னு சொல்லிட்டேன். புகார் எழுதிட்டாங்க. ஒரு மாசம் படகைக் கழுவ விட்டாங்க. அதுலேர்ந்து நான் கண்ணை நம்பறதில்ல."

நடுத்தர அளவு மிதவைச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். அதன் இரண்டு கொக்கிகளும் மேலாளரின் வயிற்றின் இரண்டு கரைகளில் நின்றுகொண்டு ஒன்றையொன்று பார்த்தன.

"ஈரத்துல சுருங்கியிருக்கு" என்றார் மேலாளர்.

"தண்ணி பட்டா சுருங்கறதை ஆத்துக்கு யாரு சார் வாங்குவாங்க" என்றாள் அவள். வாரைக் கடைசிவரை தளர்த்தி மாட்டிவிட்டாள்.

இடதுபக்கம் குடும்பம்: எழுபத்தெட்டு, ஐம்பத்திரண்டு, முப்பத்தைந்து. வலதுபக்கம் பெரியவரும் கிடங்குக்காரரும்: தொண்ணூற்றெட்டு, அறுபத்தேழு. இரண்டு பக்கமும் நூற்றறுபத்தைந்து.

"இவ்வளவு கச்சிதமா வந்து நான் பார்த்ததே இல்ல" என்றாள் வழிகாட்டி, கடைசியில் ஏறி உட்கார்ந்து.

படகைத் தண்ணீரில் தள்ளியதும் அது இடதுபக்கம் சாய்ந்தது. சும்மா இல்லை, ரகசியம் கேட்பவன் காதைக் கொடுப்பதுபோலச் சாய்ந்தது. வலதுபக்கம் கிடங்குக்காரரின் துடுப்பு பாதி நேரம் காற்றையே வலித்தது. முதல் வளைவில் இடதுகரைப் புதருக்குள் நுழைந்து வெளியே வந்தார்கள். இரண்டாவது வளைவிலும் அதே கரை.

"இடதுபக்கம் காத்து இறங்குதோ என்னவோ" என்றார் கிடங்குக்காரர்.

"காத்துதான்" என்றார் மேலாளர் உடனே. "சந்தேகமே இல்ல. காத்தேதான்."

வழிகாட்டி அமைதியான இடமாகப் பார்த்து, கரையோரம் படகை நிறுத்தி, பம்பை எடுத்து இடதுபக்கம் அடிக்கத் தொடங்கினாள். கால்மணி நேரம் அடித்தாள். மேலாளர் "இன்னும் கொஞ்சம்" என்று ஊக்கப்படுத்தினார். தட்டினால் மத்தளம்போல ஒலிக்கிற அளவுக்குக் காற்று ஏறியது. படகு சாய்ந்தபடியே இருந்தது.

அவள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஆற்றின் கீழ்ப்பக்கம் கையைக் காட்டினாள். அங்கே தண்ணீர் வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருந்தது. "அதுக்கு நாங்க வச்ச பேரு சம்பந்தி. தூரத்துலேர்ந்து பார்த்தா சிரிச்ச முகமா இருக்கும். கிட்டப் போனா கவுத்துடும். இந்தச் சாய்வோட அதுக்குள்ள போக முடியாது. காத்து இல்லைன்னா எடைதான். அறுபது எழுபது கிலோ எங்கயோ இடிக்குது."

பெரியவர் யோசித்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது.

"தங்கச்சி, இடதுபக்கம் கனம்னு ஏன் வச்சுக்கணும்? வலதுபக்கம் லேசாயிருக்கலாமில்ல?"

"அப்படின்னா?"

"நான் இளைச்சிருக்கலாம்" என்றார் பெரியவர் கூச்சத்தோடு. "ஒரு வாரமா ராத்திரி சாப்பிடறதில்ல. யார்கிட்டயும் சொல்லல."

"அப்ப நீங்க இப்ப முப்பத்தெட்டுக் கிலோ இருக்கணும் சார்."

"அவ்வளவு இருக்காது" என்று பெரியவர் ஒப்புக்கொண்டார். ஆனாலும் தன் வயிற்றை ஒருதடவை தடவிப் பார்த்துக்கொண்டார். மேலாளர் எதிர்க்கரையில் ஏதோ அபூர்வமான மரம் இருப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரே வழிதான்" என்றாள் வழிகாட்டி. "இடதுபக்கம் அறுபதுக்குக் கிட்ட இருக்கற ஒருத்தர் இறங்கி, கரையோட நடந்து வந்துடட்டும். அக்கா அம்பத்திரண்டு. அவங்கதான். ரெண்டு மணி நேரம் ஆகும். பாறைதான், முள்ளும் இருக்கு."

"நானா?" என்றாள் மனைவி. "என்னங்க, இவங்க என்ன சொல்றாங்கன்னு கேட்டீங்களா?"

மேலாளர் கேட்டார். அவருக்கு முன்னால் இரண்டு மணி நேரத் தூரத்தில் ஒரு நாற்காலி இருந்தது. நடுவில் இருந்தது மனைவியின் இரண்டு கால்கள் மட்டும்தான்.

"நடையும் உடம்புக்கு நல்லதுதானே" என்றார். "இளைச்ச உடம்பு. உனக்கு என்ன, பூ மாதிரி போயிடுவே."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பின்பு துடுப்பைப் போட்டுவிட்டு, கரைக்கல்லில் காலை வைத்து இறங்கினாள்.

அவள் கால் எடுத்ததும் படகு நிமிர்ந்தது. கோணல் மாணல் இல்லாமல், மேஜைமேல் வைத்த தட்டுபோல நேராக நின்றது. மேலாளருக்கு உயிர் வந்தது. "பார்த்தீங்களா? போகலாம், போகலாம்" என்று துடுப்பைக்கூடத் தண்ணீரில் வைத்துவிட்டார்.

வழிகாட்டி அசையவில்லை. படகைப் பார்த்தாள், கரையில் நின்றவளைப் பார்த்தாள், மறுபடி படகைப் பார்த்தாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அம்பத்திரண்டு கிலோ இறங்கினா படகு இவ்வளவு எழும்பாது. எழுபதுக்கு மேல இறங்கியிருக்கு."

"என்னையா எழுபதுங்கறே?"

வழிகாட்டிக்கு ஒரு மாதம் கழுவிய படகுகள் எல்லாம் கண்முன் வந்தன. "நான் சொல்லலக்கா" என்றாள் அவசரமாக. "படகு சொல்லுது."

"உன் படகு என்ன வேணா சொல்லும். எங்க வீட்டு மெஷின் அம்பத்திரண்டுன்னு சொல்லுது. வாரா வாரம் பார்க்கறேன். என் தங்கச்சிக்குப் பதினோரு உடுப்பைக் கழட்டிக் குடுத்திருக்கேன்."

அப்போதுதான் மகள் வாயைத் திறந்தாள். அவள் மெதுவாகத்தான் சொன்னாள். ஆறுதான் அந்த நேரம் பார்த்துச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டது.

"அம்மா, ஸ்கூல்ல போன மாசம் எடை பார்த்தாங்க. நான் அம்பத்தெட்டு."

"முப்பத்தஞ்சுடி நீ."

"வீட்டுல முப்பத்தஞ்சு."

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொன்னா அஞ்சு வேளை நிக்கும்" என்றாள் மகள்.

மனைவி கரையில் நின்றபடி கணவரைப் பார்த்தாள். கிடங்குக்காரரும் பார்த்தார், விருந்துக்கு உட்கார்ந்தவர் முகத்தோடு. ஆனால் மேலாளரை உலுக்கியது பெரியவரின் குரல்தான். அதில் கோபம் இல்லை.

"அப்ப நான் இளைக்கலயா?" என்றார் பெரியவர்.

மேலாளர் துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இல்ல சார். நானும் இளைக்கல. மெஷினுக்குப் பின்னால ஒரு சக்கரம் இருக்கு. அதைத் திருப்பினேன்."

"எவ்வளவு?"

"இருபது கிலோ. நான் தொண்ணூத்தெட்டு. அப்படியேதான் இருக்கேன்."

"நான்?" என்றாள் கரையிலிருந்து மனைவி.

அவர் ஐம்பத்திரண்டோடு இருபதைக் கூட்டினார். கூட்டல் சுலபந்தான். சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. "எழுபத்திரண்டு" என்றார், ஆற்றைப் பார்த்துக்கொண்டே.

வழிகாட்டிக்கு மட்டும் முகத்தில் நிம்மதி. "இதை அப்பவே சொல்லியிருந்தா கை வலிச்சிருக்காது" என்று பம்பை மூட்டை கட்டினாள். மனைவியை மறுபடி ஏற்றிக்கொண்டு இடத்தை மாற்றினாள். மனைவி, மகள், கிடங்குக்காரர் வலதுபக்கம். இடதுபக்கம் பெரியவரும் மேலாளரும், தோளோடு தோள். படகு நேராக நின்றது.

சம்பந்தி அவர்களை நன்றாகவே வரவேற்றது. முன்னால் ஒரு அறை, பக்கத்தில் ஒரு குத்து, வாய்நிறையத் தண்ணீர். வழிகாட்டி "வலிங்க, வலிங்க" என்று கத்திக்கொண்டே இருந்தாள். பெரியவரும் மேலாளரும் ஒரே எடையில் ஒரே நேரத்தில் வலித்தார்கள். அந்தத் தொழிற்சாலையின் நிர்வாகம் அத்தனை ஒற்றுமையாக இயங்கியது அன்றுதான். மனைவியின் துடுப்பு மட்டும் வலிக்கிற ஒவ்வொரு தடவையும் குறுக்கே வந்து மேலாளரின் தலைக்கவசத்தைத் தட்டிவிட்டுப் போனது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கீழே தண்ணீர் அடங்கியதும் பெரியவர் முகத்தை வழித்துக்கொண்டார்.

"உங்களுக்கு அந்த நாற்காலி இல்ல. புரியுதில்ல?"

"புரியுது சார்."

"வாசல்ல இருக்கற படத்தை நாளைக்கு நீங்களே கழட்டிடுங்க. பெட்டியைக் கையில வச்சுக்கிட்டு நிக்கும்போதே எனக்கு ஒரு மாதிரிதான் இருந்துது."

"சரி சார்."

பெரியவர் பின்னால் ஒருதடவை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்தச் சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்பணும்?"

"இடதுபக்கம் சார்" என்றார் மேலாளர்.

கரையில் சாப்பாட்டு மேஜை தயாராக இருந்தது. ஆனால் வழிகாட்டி யாரையும் சாப்பிட விடவில்லை. தாளில் தவறான எடை இருந்தால், கரையேறியதும் நிறுத்துச் சரியானதை எழுதி, கையெழுத்து வாங்க வேண்டும் என்பது கம்பெனியின் விதி. சுருட்டிய படகுகளை நிறுக்கிற பெரிய இரும்புத் தராசு ஒன்று அந்தக் கரைக் கொட்டகையில் இருந்தது. மேலாளர் தன்னையறியாமல் அதன் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார். சக்கரம் எதுவும் இல்லை.

"எதுக்கு நிறுத்துக்கிட்டு? தொண்ணூத்தெட்டுன்னே எழுதிக்கங்க" என்றார். "உண்மையைத்தான் சொல்லிட்டேனே."

"விதி சார்" என்றாள் வழிகாட்டி. ஆனாலும் அவர் சொன்னதற்கு மதிப்புக் கொடுத்து முதலில் தொண்ணூற்றெட்டு என்றே எழுதினாள்.

இருபது வாரத்தில் முதல்தடவையாக, எதையும் தொடாமல் அவர் ஏறி நின்றார். மனைவி, மகள், பெரியவர், கிடங்குக்காரர் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள்.

வழிகாட்டி தொண்ணூற்றெட்டை அடித்துவிட்டு நூற்றொன்று என்று எழுதினாள்.