எஸ்டீமுக்கு டைமிங் வைத்த காலை

"இன்னும் அர நூலு முன்னாடி போவணுமாம்" என்று ஜன்னலுக்கு உள்ளேயிருந்து பச்சையம்மாள் கத்தினாள்.

ராதிகா வாசலில் நின்ற காரின் டிஸ்டிரிபியூட்டரைப் பிடித்து ஒரு துளி திருப்பினாள். என்ஜின் சத்தம் ஏறி, மறுபடி தடுமாறியது. இந்த இரைச்சலுக்கு வடக்கனந்தலில் பாதித் தெரு எழுந்து உட்கார்ந்திருக்கும். உட்காரட்டும். கட்டிலில் கிடக்கிற மனுஷன் கேட்டது இது ஒன்றைத்தான்.

சேலத்து ஆஸ்பத்திரியில் கையை விரித்து வீட்டுக்கு அனுப்பி ஒன்பது நாளாகிறது. நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் சிவசங்கருக்கு மூச்சு வாங்கியது. அதனால் அவர் அக்கா பச்சையம்மாளின் காதில் சொல்வார். அக்கா ஜன்னல் வழியாகப் பெண்டாட்டி ராதிகாவுக்குக் கத்துவாள். பச்சையம்மாளுக்கு என்ஜினைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. "இன்னா சொல்றான்னே புரியல, நீயே புரிஞ்சிக்க" என்று ஒவ்வொரு தடவையும் சேர்த்துக்கொள்வாள்.

அந்தச் சிவப்பு எஸ்டீம் காரில்தான் அவர் கோயம்புத்தூர் மண்பாதைக் கார்ப் பந்தயங்களுக்கெல்லாம் போய்வந்தார். நாளை அவரை முன் சீட்டில் சாய்த்து வெள்ளிமலைக்குக் கூட்டிப்போவதாகப் பேச்சு. ஏற்றத்தில் வண்டி அடியிலிருந்தே இழுக்க வேண்டுமாம். அவர் சொல்லச் சொல்ல, நேற்று ராதிகாவே வால்வுகளைத் திறந்து மூடுகிற கேமின் கியரைத் தளர்த்தி நாலு டிகிரி முன்னால் நகர்த்தியிருந்தாள். கேம் நகர்ந்தால் அதன் முனையில் சுழல்கிற டிஸ்டிரிபியூட்டரின் கணக்கும் கூடவே நகர்ந்துவிடும். தீப்பொறி விழுகிற நேரத்தைப் புதிதாக வைத்தாக வேண்டும்.

அந்த நேரத்தைக் காட்டுகிற டைமிங் லைட்டைப் புல்லியின் மேல் அடித்தாள்.

"பத்து டிகிரி காட்டுதுன்னு சொல்லுங்க அண்ணி."

"லைட்டு கெடக்குது, சத்தத்தக் கேளுன்றான்."

எப்போதும் இப்படித்தான். பதினாறு வருஷத்தில், சின்னசேலத்தில் அவருடைய பட்டறையில் அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து, பிறகு போல்ட் முடுக்கி, பிறகு கார்பரேட்டரையே பிரித்து மாட்டுகிறவளாக ஆனாள். "நல்லா இருக்குது" என்று ஒரு நாளும் அந்த வாயிலிருந்து வந்ததில்லை. தப்பாக இருந்தால் சொல்வார். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பாவி மனுஷன், ஒரு வார்த்தைக்கு இத்தனை கஞ்சத்தனமா என்று அவர் முதுகைப் பார்த்து எத்தனையோ முறை முணுமுணுத்திருக்கிறாள். அந்த வார்த்தைக்காகத்தான் இன்றைக்கும் இடுப்பு நோக நின்றுகொண்டிருந்தாள்.

"பின்னாடி வரணுமாம். தட்டிக்கினு ஓடுதாம்."

பின்னால் கொண்டுவந்தாள். "ஜாஸ்தியாம்" என்றாள் பச்சையம்மாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, நகர்ந்ததே தெரியாதபடி முன்னால் திருப்பினாள். அப்போது வந்தது. தடுமாற்றம் போய்ச் சத்தம் ஒரே நிலையில் நின்றது. ஃபெண்டர் மேல் வைத்திருந்த டீ டம்ளரில் அலை அடங்கியது.

ஜன்னலைப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

"அண்ணி, இன்னா சொல்றாரு?"

"ஒண்ணும் சொல்லலமா. கண்ண மூடிக்கினு கேட்டுக்கினு கெடக்குறான்."

ராதிகாவுக்கு முகமெல்லாம் சிரிப்பாக வந்தது. ஸ்பேனரை எடுத்துப் போல்ட்டை இறுக்கினாள். இறுக்கும்போது நகர்ந்துவிட்டதா என்று இன்னொரு முறை லைட் அடித்துப் பார்த்தாள். நகரவில்லை. என்ஜினை நிறுத்திக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். இன்றைக்குக் கேட்டே விடுவது, இப்பவாவது சொன்னால் குறைந்தா போய்விடுவீர்கள் என்று.

அவர் கை சூடாகத்தான் இருந்தது. மூக்கருகே விரலை வைத்தாள். நெஞ்சில் காதை வைத்தாள். பச்சையம்மாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஓவென்று அலறினாள்.

எட்டு மணிக்குள் வீடு நிறைந்துவிட்டது. ராதிகா பச்சையம்மாளைக் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப்போனாள்.

"அண்ணி, உசுரு எப்ப போச்சி? சத்தம் சீராச்சே, அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"எந்தச் சத்தம்?"

"மொதல்ல தடதடன்னு ஓடிச்சி. அப்பறம் ஒரே நெலையா நின்னுச்சி இல்ல, அப்ப அவரு மூஞ்சியப் பாத்தீங்களா?"

பச்சையம்மாள் மூக்கைச் சிந்தினாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. "எனக்கு எல்லாம் ஒரே சத்தமாத்தாம்மா இருந்துச்சி" என்றாள்.

ராதிகா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். கேட்டாரா, கேட்கவில்லையா? இதை இனி யாரிடம் போய் விசாரிப்பது? 

வெளியே பந்தல்காரர்கள் வந்துவிட்டார்கள். கார் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. பச்சையம்மாளின் புருஷன் ஆதிமூலம் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு டிக்கியில் கை வைத்தார்.

"தள்ளுங்கப்பா, தெருவுல வுட்டுடலாம்."

"தள்ளாதீங்கண்ணா" என்றபடி ராதிகா வந்தாள். "நான் எடுக்கறேன்."

"நீ இன்னாத்துக்கும்மா இந்த நேரத்துல…"

அவள் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். தொட்டவுடன் பிடித்துக்கொண்டது. உள்ளே ஒப்பாரி ஒரு கணம் நின்றது. பந்தல்காரர்கள் மூங்கில்களோடு சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

அவள் கியர் போடவில்லை. கார்க் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, என்ஜின் ஒரே நிலையில் ஓடுவதைக் கேட்டபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். மூங்கில் சுமந்தவர்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள்.