விதி ஆறு: எலும்பைத் தொடாதே

1.

இந்தக் கதை கதையாகப் பிறக்கவில்லை. 'உடற்கூறியல், முதலாண்டு: வகுப்பு விதிகளும் மதிப்பெண் முறையும்' என்ற ஒரு பக்கத் தாளாகத்தான் பிறந்தது. எழுதியவள் நான், மோகனப்ரியா. புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி போகும் சாலையில் ஒரு நர்சிங் கல்லூரியில் எலும்பும் நரம்பும் நடத்துகிறேன். மொத்தம் பன்னிரண்டு விதிகள். ஐந்து வருடமாக அதில் ஒரு புள்ளியைக்கூட நான் மாற்றியதில்லை. என் கல்யாணப் பத்திரிகையைக்கூட இவ்வளவு கவனமாகத் திருத்தவில்லை. (அதில் மாமனார் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போய், அவர் இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார்.)

உங்களுக்கு மூன்று விதிகள் போதும். விதி மூன்று: அடுத்தடுத்து நிற்பவர்கள் ஒரே தவறான விடையை எழுதினால் அது காப்பி, எல்லோருக்கும் சைபர். விதி ஆறு: தேர்வில் எலும்பைத் தொட்டால் சைபர். விதி ஒன்பது: ஆண்டின் கடைசி உள்தேர்வில் இருபதுக்குப் பத்து வாங்காதவர் பல்கலைக்கழகத் தேர்வு எழுத முடியாது, ஒரு வருடம் வீணாகும்.

இப்போது மணி நாலு. ஐந்துக்குள் மதிப்பெண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். இருபத்தோரு கட்டங்களை நிரப்பிவிட்டேன். ஒன்று காலியாக இருக்கிறது. அதை நிரப்பாமல் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

2.

தொடக்கம், முதல் முயற்சி: "சோதனைக்கூடத்தில் மயான அமைதி நிலவிய அந்தக் காலை வேளையில்—"

பொய். எங்கள் சோதனைக்கூடத்தில் எலும்புக்கூடு மட்டும்தான் அமைதியாக இருக்கும்.

இரண்டாம் முயற்சி: இருபது மேசைகள். ஒவ்வொன்றிலும் ஒரு எலும்பு, அதில் ஓர் இடத்தில் ஒரு அடையாளம். மாணவர்கள் வரிசையாக வருவார்கள். ஒரு நிமிடம் பார்த்து அந்த இடத்தின் பெயரையும், எலும்பு வலதா இடதா என்பதையும் எழுதவேண்டும். உதவியாளர் ரத்தினவேல் மணி அடித்ததும் அடுத்த மேசை. ரயில் பெட்டி மாதிரி ஒருவர் பின்னால் ஒருவர்.

ஒன்பதாம் மேசையில் தோள்பட்டை எலும்பு. நான் கேட்டது அதன் கொக்கி போன்ற முனையை, அதாவது கொரகாய்டை. தாள் திருத்தும்போது முதல் ஒன்பது பேரும் கொரகாய்ட் என்றே எழுதியிருந்தார்கள். மகிழ்ச்சி. பத்தாவது ஆளிலிருந்து கடைசி வரை பன்னிரண்டு பேர் 'அக்ரோமியன்'. அது பக்கத்திலேயே இருக்கும் வேறொரு முனை. (நிலவழகன் மட்டும் 'முழங்கால்' என்று எழுதியிருந்தான். யாரையும் பார்த்து எழுதாத நேர்மைக்கு அவனை வணங்குகிறேன்.)

விதி மூன்று. பன்னிரண்டு பேருக்கும் சைபர் என்று இன்று காலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

3.

ஒன்பதாவதாகப் போனவள் ஷர்லி. ஊர் கட்டுமாவடி.

முதல் பிரதியில் அவளை அறந்தாங்கிக்காரியாக்கி, அப்பாவை வளைகுடாவுக்கு அனுப்பி, அவர் படும் கஷ்டத்தை ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அடித்துவிட்டேன். உங்களிடம் இரக்கத்தைக் கறக்கப் பார்த்தேன், மன்னியுங்கள். நிஜ ஷர்லி இரக்கம் கேட்கிற ஆள் இல்லை. வகுப்பில் சத்தமாகச் சிரிப்பாள், விதி இரண்டின்படி எட்டு முறை வெளியே நின்றிருக்கிறாள். சென்ற தேர்வில் ஏழு. இந்த முறை பதினேழு.

4.

இந்தப் பகுதியை நீக்கிவிட்டேன். இதில் நான் அளவுக்கு மீறி நல்லவளாக இருந்தேன்.

5.

இன்று மதியம் ஷர்லி என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"மிஸ், அவங்க யாரும் காப்பி அடிக்கலங்க மிஸ். நான்தான் எலும்பத் தூக்கிட்டேன்."

"விதி ஆறு என்ன?"

"தெரியுங்க மிஸ். வலதா எடதான்னு கொழப்பமாயிருச்சு. கையில எடுத்து இங்கிட்டும் அங்கிட்டும் திருப்பாம எப்புடி மிஸ் கண்டுபுடிக்கிறது? தூக்குனேன், பொட்டு கட்டவெரல்ல ஒட்டிக்கிச்சு. அதுக்குள்ள மணி அடிச்சிட்டாரு. பதட்டத்துல எங்கனயோ ஒட்டிட்டு ஓடிட்டேன்."

(இங்கே நான் நிறுத்தியாக வேண்டும். இரண்டாம் பகுதியில் 'ஒரு அடையாளம்' என்று பூசி மெழுகினேன். மற்ற பத்தொன்பது எலும்புகளிலும் சிவப்புக் காகிதக் கொடியை மெழுகில் நட்டிருந்தோம். ஒன்பதாம் மேசைக்குக் கொடி தீர்ந்துவிட்டது. "அஞ்சு நிமிஷம் இருங்க மிஸ், செஞ்சு கொண்டாறேன்" என்றார் ரத்தினவேல். தேர்வு தாமதமாகத் தொடங்கினால் அது விதி ஒன்றுக்கு விரோதம். என் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து எலும்பில் ஒட்டினேன். காலையிலிருந்து வியர்த்த நெற்றி. அதில் பசை எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று யோசிக்கவில்லை. அந்தப் பன்னிரண்டு பேரும் பொட்டு இருந்த இடத்தைப் பார்த்துச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். நான் அவர்களைத் திருடர்கள் என்று பலகையில் ஒட்டினேன்.)

"இத நீ சொல்லாம இருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே?" என்றேன்.

"பன்னெண்டு பேரு மிஸ். தேவிப்ரியா காலையிலேருந்து சாப்புடல."

"ஒனக்கு ஒரு வருஷம் போகும்."

"போகுங்க மிஸ்." முதல்முறையாக அவள் குரல் இறங்கியது. பிறகு நிமிர்ந்தாள். "சைபர் போட்டுக்கங்க. ஆனா கொரகாய்டு, எடது, ரெண்டும் நான் சரியா எழுதியிருக்கேன்ல? அதுக்கு மட்டும் டிக் போட்டுக் காட்டுங்க மிஸ், பாத்துட்டுப் போறேன்."

போட்டுக் காட்டினேன். எனக்கு அழுகை வந்தது. மூக்கடைப்பு என்று சொல்லிச் சமாளித்தேன்.

6.

முடிவு அ: மற்ற பன்னிரண்டு பேரும் திரண்டு வந்து, "ஷர்லிக்காக நாங்களும் சைபர் வாங்கிக்கிறோம்" என்று—

எழுதிப் பார்த்தேன். நடக்காது. அறிவிப்பைக் கிழித்ததும் அவர்கள் திருவரங்குளம் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார்கள்.

முடிவு ஆ: விதி விதிதான். ஷர்லிக்குச் சைபர். உண்மையைச் சொன்னால் ஒரு வருடம் போகும் என்று இருபத்திரண்டு பேரும் கற்றுக்கொள்வார்கள். நாளைக்கு வார்டில் தவறான ஊசி போட்டால் வாயைத் திறக்கமாட்டார்கள்.

முடிவு இ: பதினேழு. அடுத்த வருடம் வருகிறவர்கள் எல்லோரும் எலும்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு என் வாசலில் நிற்பார்கள். கையைக் கட்டிக்கொண்டு எழுதிய பிள்ளைகளுக்கு நான் என்ன பதில் சொல்வது?

முடிவு ஈ: முதல்வரிடம் போய் எல்லாவற்றையும் சொல்வது. போனேன். பொறுமையாகக் கேட்டார். "அப்ப பொட்டு ஒட்டுனவங்களுக்கு என்ன விதி மிஸ்?" என்றார். கிண்டலா, கேள்வியா தெரியவில்லை.

தாளை எடுத்துப் படித்தேன். பன்னிரண்டு விதிகளிலும் மாணவர் தாமதமாக வருவார், மாணவர் பேசுவார், மாணவர் தொடுவார், மாணவர் தவறு செய்வார். ஆசிரியர் ஒரு வாக்கியத்தில்கூட இல்லை.

7.

மணி நாலு ஐம்பத்திரண்டு. இனி இந்தக் கதை என் கையில் இல்லை. இரண்டு கட்டங்கள் வரைந்திருக்கிறேன்.

ஷர்லி: ____ / 20

மோகனப்ரியா: ____ / 20

பேனாவை நீங்கள் பிடியுங்கள். முதலில் என்னுடையதைப் போடுங்கள். அதைப் பார்த்துவிட்டு ஷர்லிக்கு நான் போடுகிறேன்.