முந்தாத தம்பி

காலையிலேயே பெரியவனுக்கு ரத்தம் உறைவதற்கான ஊசி போட்டாயிற்று. முழங்கால்களை டாக்டர் மடக்கி நீட்டிப் பார்த்து, வீக்கமில்லை என்று சொன்ன பிறகுதான் சோதனை அறைக்குள் விட்டார்கள். நடுவில் நகராத சைக்கிள் ஒன்று. மிதிக்க மிதிக்க, மேட்டில் ஏறுவதுபோலக் கனத்துக்கொண்டே போகும்.

அவனுக்கு ஹீமோஃபீலியா. அடிபட்டால் ரத்தம் லேசில் நிற்காது. சில சமயம் அடிபடாமலே மூட்டுக்குள் கசியும். ஒரு வயது இளையவனான சின்னவனுக்கு அது இல்லை. ஒரே வீடு, ஒரே சாப்பாடு என்பதால் இருவரையும் மிதிக்கவைத்து ஒப்பிடலாம் என்றார் டாக்டர். பெரியவன் அதிகம் பின்தங்காமல் இருந்தால் பள்ளிக்கூடத்தோடு மலையேறப் போகலாம். அதற்காக வாங்கிய ஷூவை அவன் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குகிறான். இன்றும் அதைத்தான் மாட்டிக்கொண்டு வந்திருந்தான்.

மூச்சை அளக்க, நீளக் குழாய் தொங்கும் முகமூடியை அவனுக்குப் போட்டதும் சின்னவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அம்மா, யானைக்குட்டி சைக்கிள் ஓட்டுதும்மா!"

"இறங்கி வந்து தும்பிக்கையாலயே ஒண்ணு வைக்கிறேன், இரு," என்றது முகமூடிக்குள்ளிருந்து குரல்.

பெரியவன் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தான். தொடை வெடவெடவென்று நடுங்கியது. இனி முடியாது என்று நின்றபோது சட்டை முழுக்க ஈரம். அம்மா முந்தானையாலேயே அவன் முகத்தைத் துடைத்தாள்.

அடுத்து சின்னவன். அண்ணன் நின்ற அளவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே, "ஐயோ, முடியல," என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டான்.

"தோத்தாங்குளி!" பெரியவன் கைதட்டினான். "நான் மலைக்குப் போறேன். நீ வீட்ல உக்காந்து அம்மாவுக்கு வெங்காயம் உரி!"

அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பொத்திப் பொத்தி வளர்த்த பிள்ளை, தம்பிக்குச் சமமாக மிதித்துவிட்டானே!

சோதனை எடுத்த பெண் மட்டும் சிரிக்கவில்லை. அம்மாவைக் கதவோரம் அழைத்துப் போனாள்.

"சின்னவனுக்கு மூச்சே வாங்கலம்மா. நெஞ்சுத் துடிப்பும் பெரிசா ஏறல. வேணும்னே நிறுத்திட்டான். இதை அப்படியே எழுதினா பெரியவனுக்கு ஒரு குறையும் இல்லைன்னு ஆயிடும். அவன் தொடையில பலமே இல்ல. இந்தக் காலோட மலை ஏறினா பாரமெல்லாம் முழங்கால்லதான் இறங்கும். முதல்ல அவனுக்குப் பயிற்சி வேணும்."

அம்மா திரும்பி வந்து சின்னவன் முன்னால் குனிந்தாள்.

"ஏன்டா கண்ணா நிறுத்தினே?"

அவன் தரையைப் பார்த்தான். "நீதானேம்மா சொன்னே, அண்ணன் முன்னால வேகமா ஓடாதேன்னு."

எப்போது சொன்னாள்? இருவரும் தத்தித் தத்தி ஓடித்திரிந்த வயதில். தம்பியைத் துரத்திப் போய்ப் பெரியவன் விழுந்து, முழங்கால் பந்துபோல வீங்கிக் கிடந்தபோது, அழுகையோடு அழுகையாகச் சொன்னது. அவள் மறந்தே போய்விட்டாள். இவன் மறக்கவில்லை. பள்ளி ஓட்டப்பந்தயத்தில் சேராமல் கால்வலி என்றது, தெருமுனையில் ஷூ நாடா கட்டும் சாக்கில் தினமும் பின்தங்கியது... அவளுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. நோயில்லாத பிள்ளையையும் அல்லவா உட்கார வைத்துவிட்டாள்! இப்போது "மிதிடா" என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் பெரியவனின் மலை போய்விடும்.

"எனக்குத் தெரியும்டா," என்றான் பெரியவன். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான். "மாடிப்படியிலகூட எனக்கு ஒரு படி கீழேயேதானே வருவே? ஏறு. இந்தத் தடவை நிஜமா மிதி."

"நீ பாப்பியே."

"பாக்கல. போதுமா?"

அவன் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தான்.

சக்கரம் சுழன்றது. முனகியது. பிறகு அறையே அதிரும்படி இரைந்தது. சின்னவனுக்கு இப்படி மூச்சு வாங்கி அவள் கேட்டதே இல்லை. அண்ணன் நின்ற அளவு எப்போதோ தாண்டிவிட்டது. சுவரைப் பார்த்தபடியே பெரியவன் புது ஷூவின் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

முகமூடிக்குள்ளிருந்து திணறலாகக் குரல் வந்தது. "போதுமாண்ணா?"

"இன்னும்டா," என்றான் அவன், திரும்பாமலே.