ஒரு வார்த்தை கேட்டுவிட்டு

டயாலிசிஸ் மெஷினிலிருந்து ஃபில்டரைக் கழற்றிக்கொண்டிருந்தாள் நர்ஸ். காலையில் மாட்டியது, மதியத்துக்குள் கறுத்துப்போயிருந்தது. இரண்டு நாளில் இது மூன்றாவது.

“உள்ள இருக்கற ரத்தத்தத் திருப்பிக் குடுத்துருவீங்கல்ல?” என்று கேட்டார் தம்பி.

“உறைஞ்சுட்டா முடியாதுங்க சார்.”

கட்டிலில் அக்கா கண் மூடிக் கிடந்தாள். முப்பது வருஷம் பஸ் கண்டக்டர். அவள் ஒரு அதட்டல் போட்டால் படிக்கட்டு காலியாகிவிடும். இப்போது வாயில் குழாய்.

டாக்டர் வயதில் சின்னவர். பொறுமையாகச் சொன்னார். “உறையாம இருக்க மருந்து குடுத்தா வயித்துக்குள்ள ரத்தம் கசியுது. குடுக்கலேன்னா மெஷின்ல உறைஞ்சுடுது.”

“வேற மருந்து இல்லீங்களா?”

“இருக்கு. ஆனா அதை உடம்பு தாங்கணும்னா கல்லீரல் நல்லா இருக்கணும். அவங்களுக்கு அதுவும் கைவிட்டுருச்சு. நாலாவது மாட்டலாம், சாயங்காலம் வரைக்கும் ஓடும். போதும்னா, வலி தெரியாமப் பாத்துக்கறோம். வீட்டுல யாரையாவது கேட்டுட்டு வாங்க.”

தம்பிக்கு ஐம்பத்தெட்டு வயது. அச்சகத்தில் பைண்டிங் வேலைக்குச் சேர்ந்தது, வீடு மாறியது, பல் பிடுங்கியது எல்லாமே அக்காவைக் கேட்டுத்தான். கல்யாணமே வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றாரே, அதைக்கூட அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான்.

வராந்தாவில் ஆளாளுக்கு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவரும் ஃபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். யாரையும் கூப்பிடவில்லை. சுவரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்தார்.

“கேட்டுட்டீங்களா?”

“கேட்டுட்டேன். போதும்னுட்டாங்க.”

மெஷினைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அது நின்ற இடத்தில் நர்ஸ் ஒரு ஸ்டூலைப் போட்டாள். இரண்டு நாளில் இப்போதுதான் அக்காவின் பக்கத்தில் உட்கார இடம் கிடைத்தது. கை ஜில்லென்றிருந்தது. இரண்டு கைக்குள்ளும் வைத்து மூடிக்கொண்டார்.

“ஏதாவது பேசுங்க சார். காதுல விழும்.”

நர்ஸ் திரையை இழுத்துவிட்டுப் போனபிறகு அவர் குனிந்தார்.

“சரியாத்தானே சொன்னேன்?”

ஆறு மணிக்கு டாக்டர் வந்து, நேரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டார்.

அக்காவின் மூக்குக்கண்ணாடியை ஒரு உறையில் போட்டுக் கொடுத்தார்கள். ஓரத்தில் பிளாஸ்திரி பசை ஒட்டியிருந்தது. தம்பி அதை வாஷ்பேசினில் காட்டி, நகத்தால் சுரண்டிக் கழுவி, சட்டை நுனியால் துடைத்தார். காம்பை மடக்கிச் சட்டைப்பையில் வைக்கப் போனார். அங்கே அவருடைய கண்ணாடி இருந்தது. இரண்டுக்கும் இடம் போதவில்லை. தன்னுடையதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.