இருபத்தேழாம் பக்கத்து ஒட்டுத்தாள்

காலையில் காபி குடித்ததும் கைபேசியில் என் தகப்பனாரின் கையெழுத்தைப் பார்ப்பது என் வழக்கம். நாளுக்கு ஒரு பக்கம். எங்கள் ஊர்க் கண்மாய்க்கு முப்பத்தோரு வருடம் தலைவராக இருந்தவர் அவர். பெயர் ஒச்சாண்டி. எந்த வயலுக்கு எந்த நாள் தண்ணீர், எந்த மடை திறந்தது, எப்போது மழை என்று பதினான்கு நோட்டுகளில் எழுதி வைத்தார். அவற்றை மூன்று வருடத்துக்கு முன் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுத்தேன். அவர்கள் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றியிருந்தார்கள்.

சென்ற செவ்வாய்க்கிழமை ஆறாவது நோட்டின் இருபத்தேழாம் பக்கத்தைத் திறந்தேன். நான் ஒட்டியிருந்த தாள் அங்கே இல்லை.

நோட்டுகளைக் கொடுப்பதற்கு முன் அந்தப் பக்கத்தில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு தாளை ஒட்டியிருந்தேன். அதில் அப்பாவின் எழுத்துப் போலவே, 'மழை இல்லை. மடை மூடியிருந்தது' என்று எழுதியிருந்தேன். அதற்குக் கீழே இருந்தது எங்கள் வீட்டு விஷயம். அடுத்தவன் பார்க்க வேண்டியதில்லை. இப்போது அதை ஊர் உலகமே பார்க்கலாம்.

வெளுத்த வேட்டி சட்டை போட்டுக்கொண்டுதான் புறப்பட்டேன். கோபம் வந்தாலும் ஒழுங்கு குலையக் கூடாது. கெங்குவார்பட்டியில் பஸ் ஏறிப் பத்தரை மணிக்கு நூலகத்தில் இருந்தேன்.

பழைய நூல்கள் பிரிவுக்குப் பொறுப்பாளர் அனுசுயா. என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"வாங்கய்யா. சொல்லாம கொள்ளாம வந்திருக்கீக?"

"சொல்லிட்டு வர இதென்ன விருந்தா? எங்கப்பா நோட்டுல கை வைக்க ஒனக்கு யாரும்மா உரிமை குடுத்தது?"

பக்கத்து மேசையில் கிறிஸ்டோபர் என்பவர் தூரிகையால் ஏதோ ஒரு காகிதத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பழுதான நோட்டுகளைச் சீர் செய்பவர். அவர் தலையைத் தூக்காமலே பேசினார்.

"நாங்க கை வைக்கல சார். பூச்சி வாய் வச்சிருச்சு. எவரோ புண்ணியவான் மைதாவக் காய்ச்சிக் கெட்டியாப் பூசி ஒட்டியிருக்காரு. கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி. பூச்சி குடும்பத்தோட வந்து சாப்பிட்டிருக்கு."

"கிறிஸ்டோபர், சும்மா இருங்க" என்றார் அனுசுயா.

நோட்டைக் கொண்டுவந்து வெள்ளைத் துணியில் வைத்தார். இருபத்தேழாம் பக்கத்திலிருந்து முப்பத்துநாலு வரை சல்லடை போல ஓட்டை. அப்பாவின் எழுத்து பாதிப் பாதியாக நின்றது; நான் மறைத்த வரிகளை மட்டும் இன்னும் படிக்க முடிந்தது. ஏழாவது நோட்டின் அட்டையிலும் அரிப்பு ஏறியிருந்தது. மதுரையில் பூச்சி ஏறாத நல்ல பசை வாங்கியிருக்கலாம். வீட்டில் இருக்கிற மாவு போதும் என்று நான்தான் காய்ச்சினேன். அந்த நினைப்பு எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

"பசைய எடுக்காட்டி பதினாலு நோட்டும் போயிருக்கும்யா. ஈரத்துல நனைச்சு அந்தத் தாள உரிச்சோம். அப்பத்தான் அடியில எழுத்து இருக்குறது தெரிஞ்சுச்சு."

"இருந்தா? மூடி வைக்க வேண்டியதுதான? எதுக்கும்மா படம் புடிச்சுப் போட்ட?"

அனுசுயா ஒரு கோப்பைத் திறந்து என் முன்னால் நகர்த்தினார். நோட்டுகளைக் கொடுத்தபோது நான் எழுதிக்கொடுத்த நிபந்தனை. என் கையெழுத்து. 'என் தகப்பனார் எழுதியதில் ஓர் எழுத்தையும் மறைக்கவோ நீக்கவோ கூடாது.' கண்மாய்த் தண்ணீருக்கு எங்களோடு மல்லுக்கட்டும் எதிர்க்கரைக்காரர்கள் யாராவது செல்வாக்கை வைத்து எங்கள் பெயரை அழித்துவிடுவார்கள் என்று பயந்து, நான் பிடிவாதமாகச் சேர்க்கச் சொன்ன வரி.

"நான் குடுத்த சாமான். நானே மறைக்கச் சொல்றேன்."

"மறைக்கலாம்யா. கொடையாளர் கேட்டா அதுக்கு வழி இருக்கு." ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். "காரணம் மட்டும் எழுதணும். இணையத்துல அந்தப் பக்கம் இருந்த எடத்துல அந்தக் காரணம் தெரியும்."

பேனாவைத் திறந்தேன். அனுசுயாவின் கணினித் திரையில் இருபத்தாறாம் பக்கம் இருந்தது. 'முறை தவறி மேல்மடையைத் திறந்த நீர்ப்பாய்ச்சி சின்னக்கருப்பு இன்று முதல் நீக்கப்பட்டான்.' அதற்கு அடியில் நூலகத்தார் எழுதிய குறிப்பு: 'சின்னக்கருப்பின் தண்ணீர்த் திருட்டு.'

வயல்களுக்குத் தண்ணீர் திருப்பிவிடும் வேலை அவருக்கு. அந்த மாதமே குடும்பத்தோடு கடமலைக்குண்டுக்குப் போனார். திரும்பி வரவில்லை.

இருபத்தேழாம் பக்கம் பதினோரு நாள் கழித்து எழுதியது. 'மடையைத் திறந்தது சின்னக்கருப்பு இல்லை. என் மூத்த மகன். ஊர் முன்னால் சொல்ல எனக்கு நா எழவில்லை.'

அந்த மூத்த மகன் நான்தான். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. கடைசி வயலில் எங்கள் நெல் கருகிக்கொண்டிருந்தது.

காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றது. என்ன எழுதினாலும் இருபத்தாறாம் பக்கம் மட்டும் மிஞ்சும். அப்பா தாமதமாகவாவது எழுதிய உண்மையை எடுத்துவிட்டு, அவர் சொன்ன பொய்யை மட்டும் அவர் பெயரில் உலகத்துக்குக் காட்டுவேன். எங்கள் வீட்டுக்கு இதைவிடப் பெரிய அவமானத்தை எதிரி கூடச் செய்ய மாட்டான்.

படிவத்தைக் கிழித்தேன்.

"அந்த ஒட்டுத்தாள் எங்க? அதையாவது குடு."

"அதுவும் இந்த நோட்டோட சேர்ந்ததுதான்யா. தர முடியாது." ஒளி ஊடுருவும் உறையில் தாள் இருந்தது. மேலே சின்னச் சீட்டு: 'பிற்காலத்தில் ஒட்டப்பட்டது. ஒட்டியவர் தெரியவில்லை.'

அனுசுயா கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். அப்பா எழுத்தைப் போலச் செய்திருந்தாலும், நிபந்தனையில் இருப்பதும் ஒட்டுத்தாளில் இருப்பதும் ஒரே கை என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா? எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது.

"இரக்கப்பட்டு எழுதுனியாக்கும்? தெரியவில்லையாம்! யாரு வீட்டு ஆளுன்னு நெனைச்ச என்னைய?"

"ஐயா, நான் அப்படி…"

"சீட்டக் குடும்மா!"

சீட்டின் பின்பக்கத்தில் நானே எழுதினேன். 'ஒட்டியவன் ஒச்சாண்டி மகன் முத்துராஜா. மடையைத் திறந்தவனும் இவனே.' கையெழுத்துப் போட்டுத் தேதியும் இட்டேன்.

"இதையும் படம் புடிச்சு ஏத்து. சின்னக்கருப்பு பேருக்கு அடியில நீ எழுதியிருக்கியே திருட்டுன்னு, அத இப்பவே எடு. நான் பாத்துட்டுத்தான் போவேன்."

அனுசுயா விசைப்பலகையை இழுத்தார். கிறிஸ்டோபர் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். நான் உட்காரவில்லை. அந்த வரி திரையிலிருந்து போகும்வரை நின்றேன்.