வாசலுக்கு ஒரு சரிவு

அப்பா வேலையில் இருந்த காலமெல்லாம் தெருத்தெருவாக நடந்து, வீடுகளின் மின்மீட்டரில் ஓடியிருக்கும் எண்ணைக் குறித்து வந்தவர். எந்தக் கேட்டுக்கு எந்தப் பக்கம் தாழ்ப்பாள், எந்த நாய் குரைப்பதோடு நிறுத்திக்கொள்ளும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அந்த மனிதர் சர்க்கரை வியாதிக்கு ஒரு காலைக் கொடுத்துவிட்டு மருத்துவமனையிலிருந்து சக்கர நாற்காலியில் வந்தபோது, சொந்த வீட்டு வாசற்படியைத் தாண்ட முடியவில்லை. ஒரே படிதான். ஆனால் நல்ல உயரம்.

முதலில் கூட இருந்த மகன் பக்கத்து வீட்டுக்காரரைத் துணைக்கு அழைத்து அப்பாவை நாற்காலியோடு தூக்கி இறக்கினான். அடுத்த வாரம் அவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அந்த இடுப்பு அப்புறம் சரியாகவே இல்லை. அப்பா ஜன்னலோரம் உட்கார ஆரம்பித்தார்.

மூத்தவளான மகள் கல்யாணமாகி ஊரின் மறுகோடியில் இருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்ப்பாள்.

"படிகிட்ட சிமெண்ட்ல சரிவா பூசிடலாமேடா," என்றாள் தம்பியிடம்.

"வாசல் அழகே போயிடும்க்கா. ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்."

"அப்ப எடுத்து வைக்கிற மாதிரி மரத்துல?"

"செஞ்சு கொண்டா. நானா வேணாங்கறேன்?"

தச்சரிடம் சொல்லிப் பார்த்தாள். சின்ன வேலை என்றால் அவருக்குக் காது கேட்காது. கடைசியில் அவள் குடியிருப்பின் கீழ்த்தளத்து எலக்ட்ரீசியன், கையில் பிடித்து ஓட்டும் தன் மின் ரம்பத்தை இரவல் கொடுத்தார். "ஆரம்பிக்கறப்ப விரல எண்ணிக்கோங்க. முடிச்சதும் ஒருதரம் எண்ணுங்க," என்றார்.

வண்டிகள் நிறுத்தும் இடத்தில் இரண்டு ஸ்டூல் போட்டு வேலையைத் தொடங்கினாள். நீளப் பலகையை மூலைக்கு மூலை குறுக்காக அறுத்தால் ஆப்பு வடிவில் இரண்டு துண்டு வரும். அவைதான் சரிவின் பக்கங்கள். நினைக்கச் சுலபம். ரம்பம் நேராக ஓட, பலகைமேல் ஒரு சட்டத்தை இறுக்கிக் கட்டி, அதை ஒட்டியே தள்ள வேண்டும். முதல் பலகையில் அந்தச் சட்டத்தைக் கோட்டின்மேலேயே வைத்துவிட்டாள். ரம்பம் பலகைமேல் உட்காரும் அடித்தகட்டின் விளிம்புக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கழிக்க மறந்ததில், வெட்டு கோட்டைவிட்டு விலகி ஓடி, பலகை வீணாயிற்று. அடுத்ததில் பாதி வழியிலேயே அறுத்த வாய் மூடிக்கொண்டு பல்லைக் கவ்வியது. மிஷின் உறுமிக்கொண்டு அவள் வயிற்றுப் பக்கம் துள்ளியது. விசையை விட்டவள் வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டாள். 

மூன்றாம் மாடியிலிருந்து எட்டிப் பார்த்த கணவன், "உன் தம்பிக்கு இடுப்பு வலின்னா நீ எதுக்கு வயித்தக் கிழிச்சுக்கற? விட்டுத்தொலை," என்றான்.

அவள் விடவில்லை. பலகையின் இரு பாதிக்கும் அடியில் முட்டுக் கொடுத்து, அறுத்த வாயில் சின்ன ஆப்பைச் செருகிக்கொண்டே போனதில், மறுவாரம் துண்டுகள் ஒழுங்காக வந்தன.

மேலே போடும் ப்ளைவுட்டில்தான் உயிரே போனது. அதன் கீழ் விளிம்பு தடித்து நின்றால் நாற்காலியின் முன்சக்கரம் முட்டும்; ரம்பத்தைச் சாய்த்து அறுக்க வேண்டும். மிஷினில் பொறித்திருந்த நாற்பத்தைந்து டிகிரிக் கோட்டை நம்பி இரண்டு கழிவுத் துண்டுகளை வெட்டி, செங்கோணமாகச் சேர்த்து, தன் பிள்ளையின் ஜியோமெட்ரி பெட்டியிலிருந்த மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தாள். நடுவே வெளிச்சம் தெரிந்தது. அடித்தகட்டை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, வெளிச்சம் மறையும்வரை கழிவுகளை அறுத்தாள். பிறகுதான் நல்ல பலகையைத் தொட்டாள். வெட்டிய விளிம்பை, விரலுக்குத் தட்டுப்படாத அளவுக்கு உப்புத்தாளால் தேய்த்தாள்.

கொண்டுபோய்ப் போட்டபோது சரிவு படியோடு கச்சிதமாக உட்கார்ந்தது. அப்பாவை அவளே இறக்கினாள். தெருமுனைவரை போனார்கள். ஒரு வீட்டைக் காட்டி, "இங்க மீட்டரு மாடிப்படிக்கு அடியில. குனிஞ்சு குனிஞ்சே என் முதுகு போச்சு," என்றார். திரும்பி வந்ததும் நாற்காலியிலிருந்து சாய்ந்து பலகையைத் தடவினார்.

"நீயா அறுத்த?"

"ஆமாப்பா."

"நாளைக்கும் போலாமா?"

"தம்பி கூட்டிட்டுப் போவான்ப்பா."

பிள்ளைக்குக் காய்ச்சல், கடையில் ஆள் இல்லை என்று சில ஞாயிறுகள் தவறிப்போயின. மறுபடி அவள் வந்தபோது வாசலில் படி மட்டும் இருந்தது. அப்பா ஜன்னலோரம் இருந்தார்.

"பால்காரரு தடுக்கி விழப் பாத்தாருங்க அண்ணி," என்றாள் தம்பி மனைவி. "அதான் பக்கத்துச் சந்துல போட்டிருக்கோம்."

சந்தில், சாமான் அறையின் கதவுக்கு முன்னால் பலகை கிடந்தது. அதன்மேல் டயர்த் தடம். உள்ளே தம்பியின் ஸ்கூட்டர். சந்துக்கு நீளம் போதாதென்று பலகையின் கீழ்ப்பகுதியைக் கைரம்பத்தால் அறுத்து எடுத்திருந்தான். அவள் உப்புத்தாள் போட்ட விளிம்பு அந்தத் துண்டோடு போயிருந்தது.

"யாரைக் கேட்டுடா அறுத்த?"

"என்னக்கா, மரம்தானே. வண்டி வெளியில நின்னா மழையில வீணாப்போகுது."

"அப்பா?"

"அவரு வெளிய போணும்னு கேக்கறதே இல்லக்கா."

அவள் உள்ளே போய் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். 

"விடும்மா. வண்டிக்காவது ஆச்சு," என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "உன் வீட்டுக்கு வந்துடவா, கொஞ்ச நாளைக்கு?"

"மூணாவது மாடிப்பா. லிஃப்ட் கிடையாது."

"ஆமால்ல. மறந்துட்டேன்."

அவர் மறக்கிற ஆள் இல்லை. அது அவளுக்கும் தெரியும்.

கிளம்பும்போது தூறல் பிடித்தது. "பஸ் ஸ்டாப்புல விட்டுடறேன்," என்று தம்பி ஸ்கூட்டரைச் சரிவில் இறக்கினான். பலகை துளிகூட ஆடவில்லை. கீழே வந்ததும் சக்கரம் டொக்கென்று இடித்தது.

"அந்தக் கடைசி இடந்தான் கொஞ்சம் முட்டுது. அடுத்தவாட்டி மிஷின் எடுத்துட்டு வந்து சாய்ச்சு வெட்டிக் குடுத்துடேன்க்கா."

அவள் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, அவன் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.