நாற்பத்து மூன்று நாள் வருகை

செண்பகவல்லி டீச்சரின் ஏழாம் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகளும் ஒரு வருகையும் படித்தார்கள்.

வருகை ஜன்னலோரம் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். அது மாரிச்செல்வியின் வருகை. மாரிச்செல்வி ஜூன் கடைசியிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. வருகை மட்டும் ஒரு நாள் தவறாமல் வந்தது.

அதனால் யாருக்கும் ஒரு தொந்தரவும் கிடையாது. பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளாது. பாதிப் பாடத்தில் ஒன்றுக்குப் போக வேண்டும் என்று விரலைத் தூக்காது. பெயரைக் கூப்பிட்டால் "உள்ளேன் டீச்சர்" என்று சொல்லும். அது ஒன்றுதான் அதற்குச் சொல்லத் தெரியும். அதற்கு மேல் ஒரு பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று இதுவரை எந்தப் படிவமும் கேட்டதில்லை.

அது வந்த கதை சின்னது. காலை ஒன்பதரைக்கு வருகைச் செயலி மூடிக்கொள்ளும். சிக்னல் கிடைப்பதோ தண்ணீர்த் தொட்டிப் பக்கம், அதுவும் ஒரு காலைத் தூக்கித் தொட்டியின் மேல் வைத்தால்தான். அப்படி நின்றுகொண்டு முப்பத்திரண்டு பேருக்கும் ஒவ்வொன்றாகக் குறித்தால் விடிந்துவிடும். ஆகவே எல்லா டீச்சர்களும் செய்வதைத்தான் செண்பகவல்லி டீச்சரும் செய்வார். முதலில் ஒரே தட்டில் எல்லாரும் வந்ததாகப் போட்டுவிடுவது. பிறகு வராத பிள்ளைகளைக் கழிப்பது.

அன்றைக்குக் கழிக்கப் போகும் நேரத்தில் போன் வந்தது. பிள்ளைகளின் செருப்பு அளவு பத்து நிமிடத்தில் வேண்டுமாம். டீச்சர் முப்பத்தொரு ஜோடிக் கால்களை அளந்தார். வராத மாரிச்செல்விக்குப் போன வருடத்து அளவோடு ஒன்றைக் கூட்டிப் போட்டார். நிமிர்ந்தபோது செயலி மூடியிருந்தது.

மறுநாள் கழித்திருக்கலாம். ஆனால் ஒரு பிள்ளை தொடர்ந்து வரவில்லை என்று தெரிந்தால் வீடு தேடிப் போக வேண்டும். வாசலில் நின்று போட்டோ எடுக்க வேண்டும். பதினோரு பக்கம் எழுத வேண்டும். அந்த வாரம் குடற்புழு மாத்திரைக் கணக்கு இருந்தது, வாக்காளர் பட்டியல் இருந்தது, மகிழ்ச்சியாகப் பாடம் நடத்துவது எப்படி என்று இணையத்தில் ஆறு மணி நேரப் பயிற்சி இருந்தது. "இன்னைக்கு ஒரு நாள் போகட்டும்" என்று டீச்சர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அடுத்த நாளும் அதையே சொல்லிக்கொண்டார். சொல்லச் சொல்லச் சுலபமாகிவிட்டது.

முதல் வாரம் அந்த இடத்தில் பெஞ்சு கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான். இரண்டாவது வாரம் குரல் வந்தது. ஒரு மாதத்தில் இரட்டைப் பின்னல் போட்டுச் சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டது. மத்தியானம் தட்டோடு வரிசையில் நின்றது. சத்துணவு ஆயா அதற்கும் ஒரு முட்டை போட்டார்.

"கணக்குல இருக்குல்லா," என்றார்.

டீச்சருக்கு உறுத்தவில்லை என்று சொன்னால் அது அபாண்டம். உறுத்தியது. கரும்பலகையில் எழுதும்போது முதுகு குறுகுறுக்கும். திரும்பினால் வருகை அவரையே பார்த்துக்கொண்டிருக்கும். குற்றம் சாட்டும் பார்வை இல்லை, நல்ல மாணவியின் பார்வைதான். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. முடிந்தவரை திரும்பாமலே பாடம் நடத்தினார்.

ஆகஸ்ட் கடைசியில் ஆய்வு அலுவலர் வந்தார். தலைமையாசிரியர் ஞானதுரை சார் அவரை வகுப்புக்கு அழைத்து வந்தார். ஞானதுரை சார் நடந்தால் சரசரவென்று சத்தம் கேட்கும். அறிவிப்புப் பலகை போன வருடமே நிறைந்துவிட்டதால், சுற்றறிக்கைகளைத் தன் சட்டையில்தான் குத்திக்கொள்கிறார். அவை தாடை வரை ஏறிவிட்டன. கழுத்தைத் திருப்ப முடியாது என்பதால் பள்ளிக்கூடத்தில் பக்கவாட்டில் நடப்பது எதுவும் அவருக்குத் தெரியாது.

அலுவலர் ஒரு பையனை எழுப்பி வாசிக்கச் சொன்னார். பையன் எழுத்துக்கூட்டினான். அலுவலர் முகத்தைச் சுளித்தார். பிறகு வருகையைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இது யாரு?"

"மாரிச்செல்வி சார்," என்றார் டீச்சர்.

"எத்தனை நாள் லீவு?"

"ஒரு நாள் கூட இல்ல சார்."

"பாத்தீங்களா? மத்த பிள்ளைகளும் இப்படி வரணும்."

"எப்படி சார்?"

"இப்படி."

அலுவலர் பையிலிருந்து முழு வருகைச் சான்றிதழ் ஒன்றை எடுத்து, பெயரை எழுதி, டீச்சரிடம் நீட்டினார்.

"இன்னைக்கே இந்தப் பிள்ள வீட்டுக்குப் போயி, அம்மா கையில குடுத்து, போட்டோ எடுத்து நாலு மணிக்குள்ள ஏத்திருங்க."

"அதுவரைக்கும் வகுப்ப யார் சார் பாப்பாங்க?"

அலுவலர் வருகையைக் காட்டினார். "அதான் இருக்குல்ல," என்றார். வருகை எழுந்து போய் டீச்சரின் மேஜைக்குப் பக்கத்தில் நின்றது. வகுப்பு கப்சிப்பென்று அடங்கியது.

எந்த வீட்டுக்குப் போகக் கூடாது என்று இத்தனை நாள் ஒளிந்தாரோ, அந்த வீட்டுக்கே கையில் சான்றிதழோடு போனார் டீச்சர். ரயில்வே கேட்டுக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. மாரிச்செல்வியின் அம்மா காளீஸ்வரி தரையில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதிரே, ஒரு முழம் தள்ளி, மடியில் கைக்குழந்தையோடு உட்கார்ந்து மாரிச்செல்வியும் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க டீச்சர்! என்ன இம்புட்டுத் தூரம்?" காளீஸ்வரி பதறி எழுந்தாள். "மாரி அங்கதான இருக்கா?"

டீச்சர் மாரிச்செல்வியைப் பார்த்தார். மாரிச்செல்வி டீச்சரைப் பார்த்தாள். காளீஸ்வரி டீச்சரை மட்டும் பார்த்தாள்.

"இருக்கா," என்றார் டீச்சர்.

"தெரியும் டீச்சர். டெய்லி ஒம்பது நாப்பதுக்கு டான்னு மெசேஜ் வந்துருது. 'உங்கள் குழந்தை பள்ளிக்கு வந்துள்ளார்'னு. நான் அஞ்சாப்போட நின்னவ. அதப் படிச்சாத்தான் எனக்கு அன்னைக்குப் பொழுது ஓடும்." போனை எடுத்துக் காட்டினாள். நாற்பத்து மூன்று செய்திகள். ஒன்றைக்கூட அழிக்கவில்லை.

சான்றிதழைப் பார்த்துக் காளீஸ்வரி கண் கலங்கினாள். கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினாள். போட்டோ எடுக்கத்தான் ஆள் இல்லை. மாரிச்செல்வி குழந்தையைக் கீழே விட்டுவிட்டு வந்து, டீச்சரின் போனை வாங்கி, இரண்டு எட்டு பின்னால் போய் எடுத்தாள்.

"தன்னால எடுக்கே! நல்ல போனு," என்றாள் காளீஸ்வரி. "இப்பல்லாம் இந்தப் பெட்டியும் அப்படித்தான் டீச்சர். தன்னால சீக்கிரம் முடிஞ்சுருது. சின்னவளும் சமத்து, கீழ விட்டா அவ பாட்டுக்குக் கெடக்கா. உக்காருங்க, கலர் வாங்கிட்டு வாரேன்."

அவள் கடைக்குப் போனாள். அறையில் பசை வாடை. டீச்சர் போனைப் பைக்குள் வைத்தார். வழக்கமாகக் கேட்பதையே கேட்டார்.

"ஏம்மா ஸ்கூலுக்கு வரல?"

"முத நாளு தங்கச்சிக்கு வயித்தால போச்சு டீச்சர். அம்மாதான் இன்னைக்கு ஒரு நாள் இருன்னாங்க. அப்புறம் மெசேஜ் வந்துச்சு. படிச்சுப் பாத்துட்டு, 'அட, போயிட்டாளா'ன்னாங்க. அதுல இருந்து என்னயத் தெரியல."

"எப்பவுமேவா?"

"இல்ல. சாயங்காலம் நாலரைக்குத் தெரிஞ்சுருவேன். 'வந்துட்டியா'ன்னு கேப்பாங்க. சனி ஞாயிறு நல்லாத் தெரிவேன்."

"மத்தியானச் சாப்பாடு?"

"நான்தான் ஸ்கூல்ல சாப்பிட்டுருவேன்ல டீச்சர். எனக்குன்னு வைக்க மாட்டாங்க. தங்கச்சிக்கு ஊட்டுறதுல ரெண்டு வாய் எடுத்துக்கிடுவேன்."

டீச்சருக்கு அந்த முட்டைகள் நினைவுக்கு வந்தன. தினம் ஒன்று.

"நீயா எந்திரிச்சு வந்திருக்கலாம்லம்மா?" இதைக் கேட்கும்போதே டீச்சருக்கு வெட்கமாக இருந்தது. பழியில் ஒரு பங்கையாவது பிள்ளை தலையில் இறக்கி வைக்கப் பார்க்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது.

"வந்தேன் டீச்சர். மூணாம் நாளு. நீங்க வகுப்பு வாசல்ல நின்னு தலை எண்ணிக்கிட்டிருந்தீங்க, காதுல போன வச்சுக்கிட்டு. 'முப்பத்திரண்டு, சரியா இருக்கு சார்'னு சொல்லிட்டுக் கதவச் சாத்திட்டீங்க."

அவள் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். டீச்சருக்கும் அது ஞாபகம் இருந்தது. கதவைச் சாத்தும்போது வெளியே யாரோ நிற்பது போல இருந்தது. கணக்கு சரியாக இருந்ததால் திறந்து பார்க்கவில்லை.

காளீஸ்வரி ஒரே ஒரு கலர் பாட்டிலோடு வந்தாள். டீச்சர் பாதி குடித்தார். மீதியை மாரிச்செல்வி பக்கம் நகர்த்தி வைத்தார். காளீஸ்வரி அதை எடுத்து, மூடியைத் திருகி, அலமாரியில் வைத்தாள்.

"சாயங்காலம் அவ வந்து குடிப்பா," என்றாள்.

மறுநாள் காலை டீச்சர் தண்ணீர்த் தொட்டியில் காலைத் தூக்கி வைத்து நின்றார். எல்லாரும் வந்ததாகப் போட்டார். பிறகு மாரிச்செல்வியின் பெயரைக் கழித்தார். செயலி காரணம் கேட்டது. காய்ச்சல், ஊர்த்திருவிழா, குடிபெயர்வு, மரணம் என்று நாலு காரணங்கள் இருந்தன. ஆசிரியர் என்று ஒரு காரணம் இல்லை. டீச்சர் மேலும் கீழும் இரண்டு முறை தேடினார். ஒன்பது இருபத்தொன்பது ஆகிவிட்டது. காய்ச்சலை அமுக்கினார்.

வகுப்புக்குள் வந்தபோது வருகை எழுந்து நின்றிருந்தது. பையைத் தோளில் மாட்டியிருந்தது. டீச்சரைப் பார்த்து, "உள்ளேன் டீச்சர்," என்றது. வேறு எதுவும் சொல்லத் தெரியாததால் அதையே இன்னொரு முறை சொன்னது. அது கதவைத் தாண்டி, தாழ்வாரத்தில் நடந்து, கேட்டைத் திறந்து, பொறுப்பாக மூடிவிட்டுப் போனது. உண்மையான பிள்ளையை விட இதைத்தான் அதிக நாள் கவனித்திருக்கிறோம் என்று டீச்சர் நினைத்தார். கேவலமாக இருந்தது.

பத்து மணிக்குக் காளீஸ்வரி வந்தாள். மாரிச்செல்வியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"இன்னைக்கு வரலைன்னு மெசேஜ் வந்துச்சு டீச்சர். திரும்பிப் பாக்கேன், கழுத வீட்டுல உக்காந்து பெட்டி ஒட்டிக்கிட்டிருக்கா! நேத்துத்தான் நீங்க வந்து அம்புட்டுப் பெருமையாக் குடுத்துட்டுப் போனீங்க. மறுநாளே திமிரப் பாருங்க. சின்னவளப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு, முதுகுல ரெண்டு வச்சுத்தான் இழுத்துட்டு வந்தேன்." அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "நாப்பத்து மூணு நாள் ஒழுங்கா வந்த பிள்ள டீச்சர். இந்த ஒரு தடவ மன்னிச்சிருங்க."

இப்போது சொல்லியிருக்கலாம். டீச்சர் வாயைத் திறந்தார். காளீஸ்வரி இன்னும் கும்பிட்டபடியே நின்றாள். மாரிச்செல்வி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அவள் சட்டை முதுகுப் பக்கம் கசங்கியிருந்தது. தாழ்வாரத்தில் ஞானதுரை சாரின் சரசரப்பு கேட்டது.

"பரவால்லம்மா," என்றார் டீச்சர். "இனிமே இப்படி நடக்காமப் பாத்துக்கோங்க."

ஞானதுரை சார் வந்து நின்றார். தன் நேர் எதிரே இருந்ததால் மாரிச்செல்வி அவர் கண்ணில் பட்டாள்.

"இந்தப் பிள்ள இன்னைக்கு ஆப்சென்ட்டுல்ல?"

"இந்தா நிக்கா சார்," என்றாள் காளீஸ்வரி.

"நிக்கலாம். ஆனா வரலைல்ல? இன்னைக்கு லீவு லெட்டர் குடுத்தாத்தான் உள்ள உக்கார முடியும்." அவர் சரசரத்துக்கொண்டு போனார்.

மாரிச்செல்வி வாசல்படியில் குந்தி உட்கார்ந்து, டீச்சர் கொடுத்த தாளில் எழுதினாள். காளீஸ்வரி கீழே கையெழுத்துப் போட்டாள். மகளின் தலையில் ஒரு குட்டு வைத்தாள், பிறகு அதே இடத்தைத் தடவிவிட்டாள், பெட்டி ஒட்ட வேண்டும் என்று கிளம்பினாள். கேட்டுக்குப் போகும் வரை திரும்பித் திரும்பி மகளைப் பார்த்துக்கொண்டே போனாள்.

டீச்சர் கடிதத்தை வாசித்தார். எனக்குக் காய்ச்சலாக இருப்பதால் இன்று ஒரு நாள் மட்டும் பள்ளிக்கு வர இயலவில்லை, விடுப்பு அளிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் கீழ்ப்படிந்துள்ள மாணவி. எழுத்து முன்பை விடக் கொஞ்சம் கோணியிருந்தது. விரல்நுனிகளில் பசை காய்ந்து உரிந்திருந்தது. டீச்சர் சிவப்புப் பேனாவால் 'அனுமதி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மாரிச்செல்வி போகவில்லை. மேஜைக்குப் பக்கத்திலேயே நின்றாள். மற்ற பிள்ளைகளுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த நாப்பத்து மூணு நாளைக்கும் எழுதணுமா டீச்சர்?"

"வேண்டாம்மா."

"ஏன் டீச்சர்?"

"அன்னைக்கெல்லாம் நீ வந்திருந்த."

மாரிச்செல்வி விரல்நுனியில் காய்ந்திருந்த பசையை உரித்தாள்.

"நல்லாப் படிச்சேனா டீச்சர்?"

டீச்சர் பேனாவை மூடினார். மூடி சரியாகப் பொருந்தவில்லை. இன்னொரு முறை மூடினார்.

"நல்லாப் படிச்ச," என்றார்.